ஓவனில் “போர்டு போச்சு” என்று சொன்னால், எதை அளந்து பார்த்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்

எங்கள் வீட்டு ஓவனுக்குப் புது கன்ட்ரோல் போர்டு (ஓவனை இயக்கும் எலெக்ட்ரானிக் அட்டை) போட்டோம். அது தேவையே இல்லாத செலவு என்று தெரிய ஒரு மாதம் ஆனது. பணம் திரும்பி வரப்போவதில்லை. இதே பேச்சை வேறு வீடுகளிலும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஓவனைப் போட்டால் டிஸ்ப்ளே வரும், உள்விளக்கு எரியும், சூடும் ஒழுங்காக ஏறும். இருபத்தைந்து நிமிடம் போனதும் சூடு மட்டும் நின்றுவிடும். விளக்கும் டிஸ்ப்ளேயும் அப்படியே இருக்கும், எரர் கோடு எதுவும் வராது. அணைத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் மறுபடி நன்றாக ஆரம்பிக்கும்.

“ஆறினால் சரியாகிவிடுகிறது” என்பதை வந்த சர்வீஸ் ஆளிடம் இரண்டு முறை சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. நான்கு பட்டனை அழுத்திப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார். கரண்ட், இணைப்பு எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. “மேடம், போர்டு போச்சு. இந்த மாடல்ல எல்லாத்துக்கும் இதான் பிராப்ளம். லேட் பண்ணீங்கன்னா ஷார்ட் ஆகி எலிமென்டையும் தூக்கிடும்” என்றார். எலிமென்ட் என்பது ஓவனைச் சூடாக்கும் கம்பி. அந்தக் கடைசி வார்த்தையில்தான் பயந்து சரி என்றேன்.

இரண்டு நாளில் வந்து மாட்டினார். பத்து நிமிடம் ஓட்டி, “பாருங்க மேடம், சூடு வருது” என்று காட்டினார். இருபத்தைந்து நிமிடத்தில் வரும் கோளாறைப் பத்து நிமிடம் ஓட்டிச் சோதித்தால் என்ன தெரியும்? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பழைய போர்டை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்று எடுத்துப் போய்விட்டார். பில்லில் “போர்டு – 1” என்று மட்டும் இருந்தது. பார்ட் நம்பரும் இல்லை, வாரண்டி என்ற சொல்லும் இல்லை.

மறுநாளே அதே கோளாறு. போன் செய்தால் “உங்க வீட்டு வோல்டேஜ் சரியில்லை, எலெக்ட்ரானிக் பார்ட்டுக்கு நாங்க பொறுப்பில்லை” என்றார்கள். அடுத்த முறை “சென்சாரா இருக்கும், மாத்திப் பார்க்கலாம்” என்றார்கள். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

தெரிந்தவர்கள் மூலமாக வயதில் மூத்த ஒரு மெக்கானிக் கிடைத்தார். வந்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமல், எப்போது நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று கேட்டார். ஓவனை 200 டிகிரியில் போடச் சொல்லி, கதவுக்கு மேலே இருக்கும் இடுக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் “காத்து வரலையேம்மா” என்றார்.

கேபினெட்டுக்குள் பதித்து வைக்கும் ஓவன்களில் பொதுவாக ஒரு கூலிங் ஃபேன் இருக்கும். உள்ளே காற்றைச் சுற்றவிடும் ஃபேன் வேறு, இது வேறு. போர்டு இருக்கும் பகுதியின் சூட்டை வெளியே தள்ளுவதுதான் இதன் வேலை. இது நின்றால் அந்தப் பகுதி கொதித்துப் போகும். அப்போது தெர்மல் கட்அவுட் என்ற சிறிய பாதுகாப்பு சுவிட்ச் திறந்து எலிமென்டுக்குப் போகும் கரண்டை வெட்டிவிடும். சில வகைகளில் அதைக் கையால் அழுத்தித்தான் ரீசெட் செய்ய வேண்டும். எங்கள் ஓவனில் இருந்தது ஆறினால் தானே சேர்ந்துகொள்ளும் வகை.

சூடு நின்றதும் மெயின் பிரேக்கரை இறக்கிவிட்டு மூடியைக் கழற்றினார். கட்அவுட்டின் ஒரு ஒயரை உருவி, இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தார். இணைப்பு இருந்தால் மீட்டர் ‘பீப்’ என்னும்; சத்தமே இல்லை. “அப்படியே பார்த்துக்கிட்டே இரும்மா” என்றார். சூடு இறங்க இறங்க, சில நிமிடம் கழித்து ‘டக்’ என்று ஒரு ஒலி, உடனே மீட்டர் ‘பீப்’ என்றது. ஒரு மாதமாக எங்களை அலைக்கழித்த கோளாறு என் கண் முன்னால் நின்றது. ஃபேனை விரலால் சுற்றினார்; பேரிங் காய்ந்து இறுகிப் போயிருந்தது. ஃபேன் மட்டும் மாற்றினோம். போர்டுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அதோடு விடாமல் அந்தப் “புது” போர்டையும் கழற்றித் திருப்பிக் காட்டினார். ரிலே (எலிமென்டுக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) கால்களைச் சுற்றிப் பிசுபிசுப்பாகப் பழுப்பு பிளக்ஸ் (பற்றவைக்கப் பூசும் பசை), கையால் சால்டர் (ஈயப் பற்று) வைத்த அடையாளம், பழைய நம்பருக்கு மேலே ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கர். யாருடைய ஓவனிலிருந்தோ கழற்றிச் சரிசெய்த போர்டு அது. சரிசெய்த போர்டை விற்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, அதைச் சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால். புதியது என்று சொல்லி விற்பது திருட்டு. என் நல்ல போர்டை ஏன் எடுத்துப் போனார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பெரியவரிடம் நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போர்டின் மேல் பழி போடுமுன் மற்றதை எல்லாம் அளக்க வேண்டும் என்றார். எலிமென்டை அளப்பது சுலபம்: 230 வோல்ட்டில் ஓடும் 2000 வாட் எலிமென்ட் மீட்டரில் சுமார் 26 ஓம் (மின்தடையின் அளவு) காட்டும். அறுந்திருந்தால் எதுவும் காட்டாது. ஓவன் போட்டதும் பிரேக்கர் விழுந்தால் எலிமென்டிலிருந்து ஓவனின் உலோக பாடிக்குக் கரண்ட் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெப்ப சென்சார் பிடி1000 வகையாக இருந்தால் அறை வெப்பத்தில் 1080, 1100 ஓம் அளவில் இருக்கும், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 4 ஓம் கூடும். வேறு வகை சென்சார்களும் உண்டு, அதற்கு மாடலின் அட்டவணையைப் பார்க்க வேண்டும். தளர்ந்து கருகிய ஒயர் முனை ஒன்று போதும், போர்டு செத்தது போலவே தோன்றும்.

போர்டு உண்மையிலேயே போவதும் உண்டு. ரிலே ‘டிக்’ என்று அடித்தும் எலிமென்டுக்குக் கரண்ட் போகவில்லை என்றால் ரிலேயின் கான்டாக்ட் கருகியிருக்கலாம், அல்லது அதன் காலைச் சுற்றி சால்டரில் மெல்லிய வளையமாக விரிசல் விட்டிருக்கலாம். டிஸ்ப்ளேயே வரவில்லை, தானே அணைந்து எரிகிறது என்றால் பவர் பகுதியில் தலை உப்பிய கெப்பாசிட்டர் (சார்ஜைச் சேர்த்து வைக்கும் சிறிய பாகம்) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவை பெரும்பாலும் அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றிச் சரிசெய்யக்கூடியவை. அணைத்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது ஆபத்து, உடனே மெயினை அணைத்துவிடுங்கள். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம், கெப்பாசிட்டரில் கரண்டை எடுத்த பிறகும் சார்ஜ் நிற்கும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய போர்டில் இருக்கும் பார்ட் நம்பரை அவர் கழற்றும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். வருவது அதே நம்பரா, புதியதா, சரிசெய்ததா என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். பழையதை உங்கள் கையில் வாங்குங்கள். போர்டு ஏன் போனது என்றும் கேளுங்கள், கூலிங் ஃபேன் ஓடாத ஓவனில் புதுப் போர்டு போட்டால் அதுவும் அதே சூட்டில்தான் வேக வேண்டும். எத்தனை நிமிடத்தில் கோளாறு வந்ததோ, அதற்கு மேல் ஓட்டிக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டிய போர்டின் படங்களோடு அந்த சர்வீஸ்காரர்களுக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பழைய போர்டைத் திருப்பித் தாருங்கள் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. இந்நேரம் அதுவும் ஒரு வெள்ளை ஸ்டிக்கரோடு வேறொரு வீட்டுக்குப் போயிருக்கும்.