யூவி விளக்கா, ஹெப்பா ஃபில்டரா: பாளையங்கோட்டை வீட்டுக்கு எது தோது?

ஆனி, ஆடியில் மேல்காற்று சாரலையெல்லாம் தென்காசிப் பக்கமே கொட்டிவிட்டு, நமக்கு மண்ணை மட்டும் வாரிக்கொண்டு வரும். அப்பாவுக்கு இளைப்பு. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். காற்றைச் சுத்தம் செய்ய ஏதாவது வாங்கலாம் என்று கடை கடையாக ஏறி இறங்கியதில், எல்லோரும் முதலில் காட்டியது யூவி விளக்கைத்தான், அதாவது புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் விளக்கு. கடைசியில் நான் வாங்கியது யூவி இல்லாத ஹெப்பா ப்யூரிஃபையர்; நுண்தூசியையும் பிடிக்கும் நெருக்கமான ஃபில்டர் வழியாகக் காற்றை இழுத்து விடும் மெஷின்.

திறந்த யூவி ட்யூப்பைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கிருமியைக் கொல்லும் அதே 254 நானோமீட்டர் அலைநீள ஒளி கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். ஆள் இருக்கும் அறையில் எரிய விடவே கூடாது. ஆள் இல்லாதபோது எரித்து என்ன பயன்? இருமுகிறவர் உள்ளே வந்ததும் பழைய கதைதான். சில ட்யூப்கள் 185 நானோமீட்டர் ஒளியும் விட்டு, மூச்சுக்குழலை எரிச்சலூட்டும் ஓசோன் வாயுவை உண்டாக்கும். இளைப்புக்காரர் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். 'ஓசோன் வரும், நல்லது' என்று விற்கிறவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

சுவரில் 7 அடிக்கு மேலே பொருத்தி, கூரையை ஒட்டிய காற்றில் மட்டும் ஒளி விழச் செய்யும் முறை வேறு ரகம். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1937 முதல் அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கத்துப் பள்ளிகளில் வில்லியம் வெல்ஸ் என்ற ஆய்வாளர் இப்படிப் பொருத்தித் தட்டம்மை பரவுவதைக் குறைத்துக் காட்டினார். சீலிங் ஃபேன் ஓடினால் கீழ்க்காற்று மேலே போய்வர இன்னும் நல்லது. காசநோய் வார்டுக்கும், கூட்டம் நெரியும் கிளினிக்குக்கும் இதைத்தான் சொல்வேன். வீட்டில் வைத்துப் பழகியதில்லை. ஆனால் பரணில் சாமான் எடுக்க ஏறுகிறவர் முகத்துக்கு நேரே அந்த ஒளி நிற்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம், யூவி வைத்த ப்யூரிஃபையரும் யூவி இல்லாததும். என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான்.

"நீல வெளிச்சம் தெரியுதுல்லா அண்ணாச்சி, அப்போ வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார் கடைக்காரத் தம்பி. அப்படி இல்லை. கிருமியைக் கொல்லும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் நீலம் அதோடு ஒட்டி வருவது. ட்யூப் பழசானாலும், மேலே தூசி படிந்தாலும் கொல்லும் ஒளி குறைந்துவிடும், நீலம் மட்டும் அப்படியே இருக்கும். பொதுவாக 9000 மணி நேரம் என்பார்கள், ராப்பகலாக ஓட்டினால் ஒரு வருஷம். அதற்குள் எவ்வளவு மங்கியது என்று வீட்டில் யார் அளப்பது? குடிதண்ணீர் மெஷினில் இருக்கும் யூவிக்கும் இதே பாடுதான், நீலம் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். கழற்றிப்போடும் ட்யூப்பில் பாதரசம் வேறு. குப்பை வண்டியில் தூக்கிப்போடுகிற பொருள் இல்லை.

ஹெப்பா தன் அழுக்கை ஒளிக்காது. ஆடிக் காற்று அடங்கியபின் முன்வலையைக் கழற்றினேன். செம்மண் பொடியும் துணி நூலும் சேர்ந்து அடை மாதிரி படிந்திருந்தது. வலையைக் கழுவிக் காயவைத்து மாட்டிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் ஹெப்பாவைக் கழுவக் கூடாது, கறுத்தால் மாற்ற வேண்டியதுதான். அந்தத் தூசியை எந்த யூவியும் எடுக்காது, புகையையும் எடுக்காது. ஹெப்பா 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். இருமலில் வரும் நுண்துளியும் அதில் சிக்கும். ப்யூரிஃபையருக்குள் காற்று யூவியைக் கடப்பதோ கண்சிமிட்டும் நேரம். ஃபில்டர் ஏற்கெனவே பிடித்ததை விளக்கு எதற்கு மறுபடி கொல்ல வேண்டும்?

குறையும் உண்டு. தாளிப்பு நெடிக்கு ஹெப்பா உதவாது; அதற்கு அடுக்களை எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். அறையை மூடியே வைத்தால் நாம் விடும் மூச்சுக் காற்று உள்ளேயே தங்கும். அதனால் காற்று எழும்பும் முன் காலையில் ஜன்னலைத் திறந்துவிடுகிறோம். அப்பாவுக்கு ராத்திரி இருமல் குறைந்த மாதிரி இருக்கிறது. மருந்தும் மாற்றினோம், அதனால் பெருமை முழுவதையும் மெஷினுக்குக் கொடுக்க மாட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் மெஷின் விலையைக் கேட்கும் முன் ஃபில்டர் விலையைக் கேளுங்கள். அந்த மாடலுக்கு ஃபில்டர் வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ கிடைக்குமா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.