இறுகிய பிஸ்டனைப் பட்டறையில் விடுவதற்கு முன்

தாத்தா காலத்து ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் புதுப்பிக்க ஆசைப்பட்டேன். பல வருடம் வெளியில் கிடந்ததில் பிளக் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, வார்ப்பிரும்புச் சிலிண்டருக்குள் அலுமினியப் பிஸ்டன் அசையாமல் இறுகியிருந்தது. ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றி நான்கு நாள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். அதற்குமேல் பொறுமை இல்லை. அது என் தவறு.

பட்டறைக்காரர் பார்த்த மாத்திரத்தில், "இதெல்லாம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, இரண்டே நாளில் எடுத்துவிடலாம்" என்றார். மரை அரித்துப்போன ஒரு ஸ்டட்டையும் (எஞ்சினில் முறுக்கிப் பதித்த மரைத் தண்டு) எடுத்துத் தரச் சொன்னேன்.

சொன்னபடி இரண்டு நாளில் பிஸ்டன் வெளியே வந்திருந்தது. அதன் தலையில் கட்டைவிரல் அளவுக்குக் குழி, குழியிலிருந்து விளிம்பு வரை ஒரு விரிசல். மரக்கட்டைகூட வைக்காமல் இரும்புக் கம்பியை நிறுத்திச் சம்மட்டியால் அடித்திருக்கிறார்கள். பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடைக் கழற்றாமலே அடித்ததில் அதுவும் வளைந்துவிட்டது. கேட்டதற்கு, "வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார்கள். கொடுப்பதற்கு முந்தின நாள் நான் எடுத்த படத்தைக் காட்டினேன். பேச்சு உடனே "பழைய எஞ்சின் என்றால் அப்படித்தான்" என்று மாறியது.

இதையாவது அவசரம் என்று விட்டிருப்பேன். ஸ்டட் இருந்த இடத்தில் செய்ததை மன்னிக்க முடியவில்லை. அந்தத் துளை வழவழப்பாக, வெள்ளிப் பெயின்ட் பூசி இருந்தது. நகத்தால் அழுத்தினேன், ரப்பர் மாதிரி அமுங்கியது. கசிவை அடைக்கப் பூசும் கேஸ்கெட் பசை! சுரண்டிப் பார்த்தால் உள்ளே உடைந்த ஸ்டட், அதன் நடுவில் பளபளவென்று வேறொரு எஃகுத் துண்டு. ஸ்டட்டை எடுக்கத் துளை போட்டு முறுக்கிய திருகு, அதற்குள்ளேயே முறிந்திருக்கிறது. அந்தத் திருகு கடினப்படுத்திய எஃகு. சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கிக்கொண்டு பக்கத்து இரும்பைத்தான் தின்னும். கடைசியில் மின்பொறியால் அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கிருந்த பெரியவர் சொன்னதைக் கேட்டு நொந்துகொண்டேன். சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஆறும்போது அதே அளவுக்குக் கூடுதலாகச் சுருங்கும். சிலிண்டரைச் சீராகச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய் விட்டு, இப்படியே பல தடவை செய்தால் துருவின் பிடி தளரும். வாரக்கணக்கில் ஆகலாம். சம்மட்டி தேவைப்பட்டிருக்காது.

எனவே, கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எப்படிக் கழற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள். "அதை எங்களிடம் விடுங்கள்" என்று பதில் வந்தால் எஞ்சினைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஏதாவது உடைந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும், மூடக்கூடாது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வேறு ராட் கிடைத்துவிட்டது. அந்த அளவுப் பிஸ்டனுக்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன்.