அலையைத் திருப்பும் தகடு: ஒரு சிஎன்சி மில்லிங் சேவை பற்றிய மதிப்பீடு

மெல்லிய தகட்டில் பரவும் வளைவு அலைகளை (தகடு மேலும் கீழுமாக வளைந்து அதிரும் அலைகளை) திசைதிருப்புவதற்கென நாங்கள் வடிவமைத்த மெட்டாசர்ஃபேஸ் (அலையின் போக்கை மாற்றும் சிற்றமைப்புகளின் வரிசை) ஒன்றை, 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் குடைந்து தரும் பணியை, வரைபடத்தை இணையவழியில் பெற்று, கணினி இயக்கும் சுழல்வெட்டியால் குடைந்து (சிஎன்சி மில்லிங்) அனுப்பும் ஒரு சேவையிடம் ஒப்படைத்தோம்.

10 கிலோஹெர்ட்ஸ் அலை 30° திரும்ப வேண்டும் என்பதே இலக்கு. அதற்காக 65 மி.மீ. நீளமுள்ள எட்டுப் பட்டைகளைக் குறுகிய பிளவுகளால் பிரித்து, அவற்றின் தடிமனை 3 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை படிப்படியாகக் குறைத்திருந்தோம். தகடு மெலிய மெலிய வளைவு அலையின் வேகம் குறைவதால், ஒவ்வொரு பட்டையிலும் கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் இருக்கும் நிலை; முழுச் சுழற்சி 360°) முந்தைய பட்டையைவிட ஏறத்தாழ 45° கூடுதலாகப் பின்தங்கி, வெளிவரும் அலைமுகப்பு சாய்கிறது.

பிளவுகள் பிசிறின்றி, நேராக இருந்தன. அதைவிடப் பாராட்ட வேண்டியது, தகட்டின் இரு பக்கங்களிலும் சம ஆழத்துக்குக் குடைந்திருந்ததுதான். ஒரே பக்கம் குடைவது அவர்களுக்கு எளிது. ஆனால் அப்படிச் செய்தால் தடிமனின் மையத்தில் செல்லும் நடுத்தளம் விலகி, வளைவு அலையின் ஆற்றலில் ஒரு பகுதி தகட்டின் தளத்திலேயே அதிரும் அலையாக மாறிவிடும். தகட்டைப் புரட்டிப் பொருத்தும் சிரமத்தை அவர்கள் தவிர்க்கவில்லை.

குறை தடிமனில்தான். எல்லாப் பட்டைகளிலும் 0.05 மி.மீ. வரை பிழை இருந்தது. ஒப்புக்கொண்ட வரம்பும் அதுவே என்பதால் பணியில் தவறில்லை. ஆனால் அந்தப் பிழையின் விளைவு எல்லாப் பட்டைகளுக்கும் ஒன்றல்ல. 3 மி.மீ. பட்டையில் அது கட்டத்தை 4°கூட மாற்றாது, 1 மி.மீ. பட்டையிலோ சுமார் 19° மாற்றிவிடும், அதாவது பட்டைக்குப் பட்டை கூடும் 45°இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சோதனையில் அலை எதிர்பார்த்த திசையில் திரும்பினாலும், திரும்பாமல் நேரே செல்லும் மெல்லிய கற்றை ஒன்றும் தென்பட்டதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். உடன் வந்த அளவீட்டு அறிக்கையில் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரே ஓர் இடத்தின் தடிமன் மட்டுமே இருந்தது, 65 மி.மீ. நீளத்துக்கு அது போதவே போதாது.

இதே அதிர்வெண்ணுக்கு மீண்டும் இச்சேவையையே நாடுவேன், மெல்லிய மூன்று பட்டைகளுக்கு மட்டும் 0.02 மி.மீ. வரம்பையும் பல இடங்களில் அளவீட்டையும் வரைபடத்திலேயே குறிப்பிட்டு. 40 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் பாதியாகி, அதே நீளப் பட்டையில் அதே பிழைக்கான கட்ட விலகல் இரட்டிப்பாகும் என்பதால், அந்த வேலையை இவர்களிடம் கொடுக்கமாட்டேன்.