அறை நல்ல அறை, தெருதான் முட்டுச்சந்து

கொடைக்கானலில் வில்பட்டிப் பக்கம், புது லேஅவுட் காட்டேஜ் ஒன்றில் அம்மாவோடு இரண்டு நாள் தங்கினேன். வெந்நீர், கம்பளி, சுத்தம் எல்லாம் சரி. ஜன்னலுக்கு நேர் கீழே டீக்கடை. பாய்லர் ஆவிகூடத் தெரிகிறது. ஆனால் சாலை வழியே ஒன்றரை கிலோமீட்டர்! ஒவ்வொரு மனைப்பிரிவும் தன் தெருவை வேலியோடு முடித்துக்கொள்கிறது, அடுத்ததோடு சேர்வதில்லை. ஊர் இப்படியே பரவினால் பால் வாங்கவும் வண்டி எடுக்க வேண்டும். ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டர் சாலையில் எந்தப் பக்கம் நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். இங்கே அம்மா முழங்கால் வலியோடு போன வழியே திரும்பி ஏறினார். வேலியில் ஒரு சின்ன கேட், பத்துப் படி போதும் என்று உரிமையாளரிடம் சொன்னேன். “பக்கத்து மனைக்காரர் சம்மதிக்கணும்ங்க” என்றார்.