கோவளத்தில் 2,200 ரூபாய்க்கு 'ஸ்பெஷல் ஜூஸ்'

கேரளத்தில் உள்ள கோவளம் கடற்கரை நடைபாதையில், ஐஸ் மேல் மீனை அடுக்கி வைத்துக்கொண்டு "வாங்க சேச்சி, இப்ப கரை ஏறின மீன்" என்று கூப்பிடும் கடைகளில் ஒன்றில், நானும் வீட்டுக்காரரும் சாப்பிட்டு எழுந்தபோது வந்த பில் 7,087 ரூபாய். கடை பெயரைப் போடப் போவதில்லை. எப்படி ஏற்றினார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். குமரி மாவட்டத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும்.

கல்யாண நாளுக்காகக் கிளம்பிய பயணம். கொல்லங்கோடு, பொழியூர் வழியாகப் போனோம். பூவாறு நெருங்கும்போதே தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்து ரோட்டில் கை காட்டி நிறுத்த ஆள் நிற்பார்கள். "கவர்மென்ட் போட்டிங் இங்கதான் அண்ணா" என்று 4,000-இல் தொடங்கி, கண்ணாடியை ஏற்றும்போது 2,000-க்கு இறங்குவார்கள். அங்கே நிற்காமல் விட்டோம். நெய்யாறு கடலில் சேரும் இடம் அழகுதான், அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். ஆழிமலை சிவன் சிலை, விழிஞ்ஞம் குடைவரைக் கோயில், துறைமுகத்துக் கிரேன்கள் என்று பார்த்துக்கொண்டே சாயங்காலம் கோவளம் போய், கலங்கரை விளக்கத்திலும் ஏறினோம். 1972-இல் கட்டியது. மேலே நின்றால் கரை முழுக்க வளைந்து தெரியும். இதுவரை ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கு மாதத்தின் முதல் தேதி. கேரளத்தில் முதல் தேதி என்றால் மதுக்கடை, பார் எல்லாம் பொதுவாக மூடியிருக்கும். கல்யாண நாளைக்கு ஒரு கிளாஸ் வைன் என்று வீட்டுக்காரர் நினைத்து வந்திருந்தார், சரி போகட்டும் என்று விட்டுவிட்டார். கடைப் பையன்தான் தானாக வந்து, "வைன் இருக்கு சேட்டா. நமக்கு டூரிஸ்ட் லைசென்ஸ், முதல் தேதிக்கும் கொடுக்கலாம். கிளாஸ் 400" என்றான். வந்தது கண்ணாடி கிளாஸில் இல்லை, காப்பி மக்கில். பாட்டிலைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. லைசென்ஸ் உள்ள இடத்தில் எதற்குக் காப்பி மக்? அந்த மக் மேசைக்கு வந்தாலே தெரிந்துகொள்ளுங்கள், அங்கே லைசென்ஸ் கிடையாது.

இனி மீன். ஐஸில் கிடந்த ஒரு சின்ன நெய்மீனை (வஞ்சிரம்) காட்டினோம். "கிலோ 1,200, இது 800 கிராம் வரும்" என்றார்கள். தராசு உள்ளே இருந்தது. தட்டில் வந்தது துண்டு போட்டு வறுத்த மீன், அதிலும் ஒன்று வாலடித் துண்டு. நான் குமரிக் கடற்கரையில் தூத்தூர் பக்கம் பிறந்து வளர்ந்தவள். வாலோரத்தில் ரம்பம் மாதிரி கெட்டிச் செதில் வரிசை இருந்தால் அது பாரை. நெய்மீன் தோல் வழுவழுவென்று இருக்கும். கேட்டேன். "இது கோவளம் நெய்மீன் சேச்சி" என்றான் பையன். கோவளத்துக்கென்று கடவுள் தனியாக நெய்மீன் படைத்திருக்கிறார் போல. சிப்பி ஃப்ரையும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) நன்றாகவே இருந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பில் இப்படி: மீன் 1.4 கிலோ, கிலோ 1,600 வீதம் 2,240. சமையல் கூலி 300. சிப்பி 450, மரச்சீனி 150, அப்பம் 120. 'ஸ்பெஷல் ஜூஸ்' 2,200. இதற்குமேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதையும் சேர்த்து மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். இரண்டு மக் வைனுக்கு முழு பாட்டில் காசு. கேட்டால், "உங்களுக்காகத்தானே பாட்டில் உடைச்சோம்" என்கிறார்கள்.

வீட்டுக்காரர் சத்தம் போட்டார். கல்லாவில் இருந்தவர் அமைதியாக, "போலீஸைக் கூப்பிடலாம் சேட்டா, முதல் தேதியில் என்ன குடிச்சீங்கன்னு அவங்களே கேக்கட்டும்" என்றார். அந்த மக்கின் முழு உபயோகமும் அப்போதுதான் புரிந்தது. உரிமம் இல்லாமல் மது விற்றால் அப்காரி சட்டப்படி குற்றம் அவர்களுடையது, ஆனால் பயம் நம்முடையது. பில்லில் வைன் என்று ஒரு எழுத்துகூட இல்லை, எதைக் காட்டிப் புகார் கொடுப்பது?

நான் வரியைப் பிடித்தேன். மதுவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது, அது மாநில வரிக்குள் வருவது. வைன் என்றால் இந்த 18 சதவீதம் பொய். ஜூஸ் என்றால் இரண்டு ஜூஸ் 2,200 என்று எந்த மெனுவில் இருக்கிறது? சாதாரண ஓட்டலில் சாப்பாட்டுக்கு 5 சதவீதம்தான். 18 போடுவது, ஒரு நாள் அறை வாடகை 7,500-க்கு மேல் வாங்கும் பெரிய ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்கள். "ஜிஎஸ்டி நம்பரை பில்லில் எழுதிக் கொடுங்க" என்றேன். பதினைந்து இலக்கம், கேரளம் என்றால் 32-இல் தொடங்க வேண்டும். எழுதவில்லை. அந்த வரியைப் பேனாவால் அடித்தார். சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை என்று 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டதே என்றதும் அதுவும் போனது. மீனிலும் ஜூஸிலும் ஒரு ரூபாய் இறங்கவில்லை. பையன் சொன்ன விலைப்படி சுமார் 2,500 வர வேண்டியதற்கு 5,460 கொடுத்துவிட்டு வந்தோம். கியூஆர் கோடில் கடை பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர்.

மீன் எடைக்கும் மாற்றிக் கொடுத்ததற்கும் மட்டும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பேனாவால் அடித்த பில் கையில் இருக்கிறது. நீங்கள் போனால் மீனை உங்கள் கண் முன்னால் நிறுக்கச் சொல்லி, தராசையும் மீனையும் சேர்த்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விலையை, வெட்டும் கூலி, சமையல் கூலி உட்பட ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடை பத்தடி தள்ளித்தான். வைன் வேண்டுமென்றால் உரிமம் உள்ள பாரிலோ பீர்-வைன் பார்லரிலோ, பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள். முதல் தேதியில் யாராவது உண்டு என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.