"ஆமா கண்ணு"வும் இரண்டு குடமும்

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் குடிநீர்க் கணக்கெடுப்பு. முதல் தாளில் இருந்த கேள்வி: "ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். ஒப்புக்கொள்கிறீர்களா?" வீட்டுக்கு வீடு ஒரே பதில்: "ஆமா கண்ணு."

இரண்டாம் தாளில், "நேற்று குடித்த தண்ணீர் எங்கே பிடித்தது?" முதலில் ஆமா போட்ட அதே பாட்டி எழுந்து இரண்டு குடங்களைக் காட்டினார். குழாய்த் தண்ணீர் சமையலுக்கு. குடிக்க, போர்வெல் தண்ணீர். "அதுதான் வாய்க்கு ருசியா இருக்கு."

தருமபுரியில் இது சின்ன வித்தியாசமில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; பல்லில் காவிக்கறை படியும், போகப்போக எலும்பையும் கெடுக்கும். அதைத் தடுக்கத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டது. முதல் தாளை நம்பினால், அந்தப் பாட்டி பாதுகாப்பான கணக்கில் சேர்ந்துவிடுவார்.

படியேறி வந்தவரிடம் இல்லை என்று சொல்ல நம் ஆட்களுக்கு மனசு வராது. ஒப்புக்கொள்ளும் பழக்கம் எல்லா நாட்டுச் சர்வேயிலும் உண்டு. 1932-ல் அமெரிக்க உளவியலாளர் லிக்கர்ட் தந்த, "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" முதல் "முழுமையாக மறுக்கிறேன்" வரையிலான ஐந்து படி அளவுகோலும் இதற்குத் தப்பவில்லை.

இரண்டாம் தாள் போல "எங்கே?" என்று கேட்டால் நேரம் பிடிக்கும், பதில்களைப் பிரித்து வகைப்படுத்தும் வேலையும் கூடும். குழாயா, போரா என்று தேர்வுகளை நாமே வாசித்துக் காட்டினால் வேலை குறையும். ஆனால் காதில் கடைசியாக விழுந்ததையே பலர் சொல்வார்கள். தாளில் படிப்பவர்கள் முதலில் இருப்பதை டிக் அடிப்பார்கள். அதனால் வீட்டுக்கு வீடு வரிசையை மாற்றி வாசிக்கிறேன். குடத்தையும் காட்டச் சொல்கிறேன்.