காசு கொடுப்பதா, கட்டிக் கொடுப்பதா: போருக்குப் பின் ஒரு வீடு

வேலூரை ஒட்டிய மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் கட்டி முடிந்த 1,591 வீடுகளை முதலமைச்சர் ஸ்டாலின் 2023 செப்டம்பர் 17 அன்று இங்கே வந்துதான் திறந்து வைத்தார். மொத்தச் செலவு 79 கோடியே 70 லட்சம். வகுத்துப் பார்த்தால் வீட்டுக்குச் சுமார் 5 லட்சம். இருபது வருஷமாகக் கட்டட வேலையில் இருப்பவன் நான். எந்த வீட்டுச் செய்தியைப் படித்தாலும் கை தானாகக் கணக்குப் போடும்.

அந்தக் கணக்கோடுதான் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் பார்க்கத் தொடங்கினேன். 2009-இல் போர் முடிந்தபோது, இலங்கையின் வடக்கில் இருக்கும் வன்னியில் கூரையோடு நின்ற வீடுகள் கொஞ்சம்தான். அந்த மக்களுக்கு வீடு தர மூன்று வழிகள் பேசப்பட்டன: ஒப்பந்ததாரர் கட்டிச் சாவி கொடுப்பது, குடும்பத்தின் கையில் பணம் கொடுத்து அவர்களையே கட்டச் சொல்வது, தொழிற்சாலையில் செய்த எஃகு வீட்டைக் கொண்டு வந்து நிறுத்துவது.

எஃகு வீட்டை முதலில் முடித்துவிடுகிறேன். 2016 வாக்கில் இலங்கை அரசு வடக்கு, கிழக்கில் அப்படி 65,000 வீடுகள் போடத் திட்டமிட்டது. ஒன்றுக்கு 21 லட்சம் இலங்கை ரூபாய். அந்தப் பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று யாழ்ப்பாணத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், வெயில் தாங்காது, விறகடுப்புக்கு இடமில்லை, பின்னால் ஒரு அறை சேர்த்துக் கட்ட முடியாது என்றார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் தகர ஷெட்டுக்குள் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. தகடும் போல்ட்டும் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கினால் ஊர்க் கொத்தனாருக்கும் கல் அறுப்பவருக்கும் மண் ஏற்றும் டிராக்டர்காரருக்கும் ஒரு நாள் கூலிகூடக் கிடைக்காது. போர் தின்ற ஊரில் அந்தக் கூலியும் மறுவாழ்வுதான்.

மற்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்திய அரசின் வீட்டுத் திட்டமே போதும். 2010-இல் 50,000 வீடுகள் என்று அறிவித்தார்கள். முதல் 1,000 வீடுகளை நிறுவனங்கள் வழியாகக் கட்டிக் கொடுத்தார்கள். 2012 அக்டோபர் 2 அன்று தொடங்கிய அடுத்த கட்டத்தில் வடக்கு, கிழக்கின் 45,000 வீடுகளுக்குக் கட்டும் வழியே மாறியது: பணம் குடும்பத்தின் கைக்கு, கட்டுவது அவர்கள் பொறுப்பு. புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், பழுது பார்க்க இரண்டரை லட்சம், அதுவும் வேலை ஏற ஏறப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வரும். அடித்தளம், ஜன்னல் மேல்மட்டம், கூரை என்று வேலை ஏற ஏறப் பணம் தரும் நம் ஊர் பேஸ்மட்டம் பில், லிண்டல் பில், ரூஃப் பில் மாதிரிதான். நம் பணத்தில் அன்று புது வீட்டுக்குச் சுமார் இரண்டேகால் லட்சம்.

போதுமா? போதவில்லை. பலர் நகையை அடகு வைத்தார்கள், கடன் பட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டினால் மணல் விலை ஏறும், மேசன் கூலி ஏறும், தவணைத் தொகை மட்டும் அப்படியே நிற்கும். கணவனைப் போரில் இழந்து சின்னப் பிள்ளைகளோடு நிற்கும் பெண்ணிடம் பணத்தைக் கொடுத்து ‘நீயே கட்டிக்கொள்’ என்பது, துணைக்கு ஆள் அனுப்பாவிட்டால், கைகழுவுகிற காரியம். தமிழ்நாடு அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சத்தை வைத்து 360 சதுர அடியை முடிக்கப் பாடுபடும் குடும்பங்களை நம் பக்கம் பார்க்கிறோமே, அவர்களுக்குச் சொந்தக்காரர், தெரிந்த கடைக்காரர் என்று ஊர் இருக்கிறது. வன்னியில் ஊரே சிதறிப்போயிருந்தது.

இவ்வளவும் தெரிந்தே நான் பணம் கொடுக்கும் வழியின் பக்கம் நிற்கிறேன். காரணம் ஒரு அடுப்பு. முகாமில் குடியிருக்கும், முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா ஒருவரோடு வேலை விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, “அம்மா, உங்க ஊர்ல வீடு எப்படிம்மா இருக்கும்?” என்று கேட்டேன். அவர் கிணற்றையோ விறாந்தையையோ சொல்லவில்லை. “தம்பி, குசினிக்குள்ள நிண்டால் படலையைத் திறந்து ஆர் வாறதெண்டு தெரியவேணும்” என்றார். குசினி என்றால் சமையல்கட்டு, படலை என்றால் வாசல் கேட். எந்த நேரத்தில் யார் வருவார்கள் என்று பயந்து வாழ்ந்தவரின் வாய்ச்சொல் அது. எந்த இன்ஜினியரின் பிளானிலும் இந்த அளவு இருக்காது. ஒப்பந்ததாரர் ஆயிரம் வீட்டுக்கு ஒரே பிளான் போடுவார். போட்டால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்ற முடிவு கட்டுகிறவர் கைக்கு வந்தால்தான் அந்த அம்மா கேட்டது கிடைக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் மக்கள் தலையில் வைக்க முடியாது. கண்ணிவெடி எடுப்பது, ரோடு, கரண்ட், ரயில் இதெல்லாம் பெரிய கைகளின் வேலை. 1990-இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயிலை இந்தியக் கடனில், இந்திய அரசு நிறுவனமான இர்கான் தண்டவாளம் போட்டு 2014 அக்டோபரில் திரும்ப ஓட வைத்தது. அங்கே தேவை ஒரே அளவுதான், வடக்கிலும் தெற்கிலும் ஒரே தண்டவாள அகலம். வீட்டுக்கு அந்த விதி பொருந்தாது.

மேல்மொணவூருக்குத் திரும்பினால் என் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. முகாம் நிலம் குடியிருப்பவர் பெயரில் இல்லை. தன் பெயரில் இல்லாத மண்ணில் நகையை அடகு வைத்துக் கட்டு என்று யாரிடமும் சொல்லக் கூடாது. அதனால் இங்கே அரசே கட்டிக் கொடுத்ததுதான் சரி. பத்துக்குப் பத்து கூடத்தில் மழைக்கும் வெயிலுக்கும் பிள்ளை வளர்த்த குடும்பத்துக்குக் கான்கிரீட் கூரை எவ்வளவு பெரிது என்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இனிமேல் முகாம்களில் கட்டும் வீடுகளுக்கு ஒன்று செய்யலாம், செலவே இல்லை. எங்கள் தொழிலில் சொந்த வீடு கட்டுகிறவர் யாராக இருந்தாலும் மார்க்கிங் அன்று அவரை வரச் சொல்வோம். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டுவிட்டு, அந்த வீட்டம்மாவைச் சமையல்கட்டு வரும் இடத்தில் நிற்க வைத்துக் கேட்போம்: “அடுப்பு இங்க வருதும்மா, ஜன்னல் அங்க. சரியா?” சரியில்லை என்றால் காலால் கோட்டை அழித்துவிட்டு வேறு கோடு போடுவோம். கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் அதற்கு அரை மணி நேரம் ஆகும்.